லீவரில் இருந்த இரண்டாவது தடம்

அந்தக் காலத்தில் என்னிடம் இருந்த மோட்டார் சைக்கிளுக்குக் காலையில் ஒரு குணம், மாலையில் ஒரு குணம். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது சொன்ன பேச்சைக் கேட்கும். மறுநாள் காலையில் ஸ்டாண்டை எடுத்துவிட்டுத் தள்ளினால் முன்சக்கரம் அசையாது. தோளைக் கொடுத்து முட்டினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மனமில்லாமல் நகரும். அதன் பிறகும் முன் பிரேக்கை யாரோ லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது போல ஓடும். போர்ட் பிளேரின் ஷாதிபூரிலிருந்து சாத்தம் ஜெட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் முன்சக்கர ஹப் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். அப்புறம் மெல்ல மெல்லச் சரியாகிவிடும்.

சுனாமி முடிந்து மூன்றாவது மழைக்காலம் அது. எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அக்கரையில், பம்பூபிளாட் பக்கம், ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. தினமும் சாத்தத்தில் வண்டியை ஃபெரியில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, மாலையில் அதே மாதிரி திரும்பி வர வேண்டும். ஜெட்டியில் காத்து நிற்கும்போது பக்கத்து மர ஆலையிலிருந்து படாக் மரம் அறுபடும் வாசனை வரும். இன்றைக்கும் ஏதாவது தச்சுப்பட்டறையைத் தாண்டிப் போகும்போது அந்த வாசனை மூக்கில் பட்டால், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு கணம் மனசு பதறுகிறது.

ஃபெரியில் வண்டி ஏற்றுகிற எல்லோரும் பையில் ஒரு துண்டு சைக்கிள் டியூப் வைத்திருப்போம். கப்பலின் இரும்புத் தளம் எப்போதும் ஈரம்தான். அலை கொஞ்சம் தூக்கிப் போட்டால் ஸ்டாண்டில் நிற்கிற வண்டி சறுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வண்டியின் மேல் சாயும். அதனால் முன் பிரேக் லீவரை ஹேண்டிலோடு சேர்த்து இழுத்து, டியூப்பால் சுற்றிக் கட்டிவிடுவோம். சக்கரம் பூட்டிக்கொள்ளும். அக்கரை வந்ததும் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்வோம். மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அடுத்த அலையில் அவர்கள் வண்டி விழும்போது நாங்கள் சிரிப்போம்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி, அவளுடைய அப்பா. மாமா பிறந்தது இலங்கை மலைத் தோட்டத்தில். சின்ன வயதில் அங்கிருந்து குடும்பத்தோடு அனுப்பப்பட்டு, கடைசியில் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வந்து நின்றவர். வாழ்க்கை முழுக்க ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். சுனாமி அன்று என் மனைவி படிப்புக்காகப் போர்ட் பிளேரில் இருந்தாள். கச்சாலில் இருந்த அவளுடைய அம்மா போய்விட்டார். மாமா மட்டும் மிஞ்சினார். அரசு போட்ட ஷெல்டரில் தகரக் கொட்டகைக்குள் இருந்தவரை, கல்யாணத்துக்குப் பிறகு கெஞ்சிக் கூத்தாடி எங்களோடு கூட்டி வந்தோம்.

வந்தாரே தவிர, தங்கவில்லை. அதாவது மனதளவில். மகள் வீட்டுச் சோறு அவருக்குத் தொண்டையில் நின்றது. துணிமணியை அலமாரியில் வைக்க விடமாட்டார், பையிலேயே கிடக்கும். சாயங்காலம் வானொலியில் கப்பல் அறிவிப்பு வாசிக்கும்போது ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். கச்சால் பெயர் வந்தால் போதும்.

“மாப்புள, இந்த ஜஹாசுல நான் போயிட்டு வந்துர்றேனே. அங்கிட்டு ஒரு நடை பாத்துட்டு...”

“போயிட்டு வருவீங்களா, போயிருவீங்களா?” என்று கேட்பேன்.

அவர் வானொலிப் பக்கம் திரும்பிக்கொள்வார். அங்கே அவருக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை. போனால் திரும்ப மாட்டார் என்று என் மனைவிக்குத் தெரியும். அப்போது அவள் வயிற்றில் குழந்தை. ஒவ்வொரு கப்பல் போகும்வரையும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அம்மாவைக் கடல் கொண்டுபோனது, அப்பாவைக் கப்பல் கொண்டுபோகும் என்று ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கவலை அதுதான். பிரேக் என்பது நான் தனியாகச் சேர்த்துக்கொண்ட கவலை.

எனக்கு முன்கோபம் அதிகம். அதோடு, எதையும் நானே கழற்றிப் பார்த்துவிட வேண்டும் என்கிற திமிரும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். கையால் சுற்றிவிட்டேன். அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது.

டிரம் பிரேக் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. டிரம்முக்குள் பிறை வடிவத்தில் இரண்டு பிரேக் கட்டைகள். லீவரை அழுத்தினால் கேபிள் இழுக்கும், ஒரு சின்ன இரும்பு அச்சு திரும்பி அந்தக் கட்டைகளை விரிக்கும், கட்டைகள் டிரம்மை உரசும். விட்டால் ஸ்பிரிங்குகள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் கேபிளை ஹப்பிலிருந்து கழற்றிவிட்டுச் சுற்ற வேண்டும். அப்போது சக்கரம் சுழன்றால் கோளாறு கேபிளில். அப்போதும் நின்றால் கோளாறு உள்ளே. கழற்றினேன். நின்றது. உள்ளே திறந்தால் செங்கல் பொடி மாதிரி துரு. அச்சு வறண்டு இறுகிப்போயிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்பு மாமா, எல்லாம் உப்புக்காத்து” என்றேன், டாக்டர் மாதிரி.

“கடல் தொட்டது எது உருப்பட்டுச்சு” என்றார் அவர்.

ஒரு வாரம் கூட ஆகியிருக்காது, காலையில் மறுபடியும் ‘டக்’. இந்தத் தடவை கேபிள் மேல் பழியைப் போட்டு அதை மாற்றினேன். கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் பிடித்தது. என் மனைவிக்கு இது ஒரு தமாஷாகிவிட்டது. “அந்த வண்டிக்குப் பாக்குற வைத்தியத்துல பாதி எனக்குப் பாத்தா எனக்கு இந்த வாந்தியாச்சும் நிக்கும்” என்பாள்.

தமாஷ் ஒருநாள் நின்றது. அவளை மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவதற்காகக் காலையில் கிளம்பினோம். தூறல். எங்கள் வீட்டுக்கு முன்னால் ரோடு சரிவாக இறங்கும். வளைவில் லேசாக பிரேக்கைத் தொட்டேன், தொட்டதுதான், முன்சக்கரம் கவ்விக்கொண்டது. வண்டி குறுக்கே திரும்பியது. காலை ஊன்றி எப்படியோ நிறுத்திவிட்டேன். அவள் விழவில்லை. ஆனால் என் சட்டையைப் பிடித்த கையை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. மேலே வாசலில் நின்றிருந்த மாமா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். மகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

திமிரை ஓரமாக வைத்துவிட்டு ஜங்லிகாட்டில் இருந்த மெக்கானிக்கிடம் போனேன். தெலுங்குக்காரர், என் வயதுதான், நான் தமிழன், பேச்சு எல்லாம் எங்கள் தீவு ஹிந்தியில். சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்குகளை விரலில் மாட்டி இழுத்துப் பார்த்தார். பழைய ஜட்டி எலாஸ்டிக் மாதிரி தொளதொளவென்று வந்தது.

“ஏ ஸ்பிரிங் ராத் கோ ஸோதா நஹீ ஹை, பாபு” என்றார்.

ராத்திரி தூங்காத ஸ்பிரிங்காம். கிண்டல் செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. புது ஸ்பிரிங் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து சேரும்வரை வண்டியை ஓட்டவே இல்லை. மாட்டிய பிறகு வண்டி பட்டாக ஓடியது. ஒரு வாரம். அப்புறம் மறுபடியும் காலையில் ‘டக்’.

இதற்குள் வண்டியை விற்ற ஆள், மெக்கானிக், கடல், மழை என்று திட்டுவதற்கு எனக்கு இருந்த ஆட்கள் எல்லாம் தீர்ந்துபோனார்கள். அப்போதுதான் ஒரு சாயங்காலம் காற்று அதிகமாகி ஃபெரியை நிறுத்திவிட்டார்கள். அக்கரையிலேயே உடன் வேலை செய்கிறவர் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. வண்டி ராத்திரி முழுக்க அவர் வீட்டு வாசலில், கடலுக்கு நேர் எதிரே, கொட்டுகிற மழையில் நின்றது. காலையில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். சக்கரம் வெண்ணெயாக உருண்டது. முட்டிய வேகத்தில் நான்தான் விழப் பார்த்தேன்.

அங்கேயே நின்று யோசித்தேன். உப்புக்காற்றுதான் காரணமென்றால் இங்கேதான் நன்றாகப் பிடித்திருக்க வேண்டும். இங்கே பிடிக்கவில்லை. அப்படியானால் நோய் என் வீட்டில் இருக்கிறது.

ஃபெரியில் ஏற்றி, வழக்கம்போல டியூப்பைச் சுற்றப் போனபோது லீவரைக் கவனித்தேன். லீவரின் நுனியில், குண்டுக்குப் பக்கத்தில், என் டியூப் தினமும் உரசி உரசிக் கறுப்பாக ஒரு பட்டை. அது எனக்குத் தெரியும். அதற்கு உள்பக்கம், விரல் வைக்கிற இடத்தில், இன்னொரு தடம் இருந்தது. மெல்லியது. பெயின்ட் தேய்ந்து உலோகம் பளபளத்தது. ஹேண்டில் ரப்பரிலும் அதற்கு நேராக ஆழமாக ஒரு கோடு, கயிற்று முறுக்கின் அச்சு அப்படியே விழுந்திருந்தது. யாரோ கயிறு போட்டு என் பிரேக்கைக் கட்டியிருக்கிறார்கள். ஒருநாள் இல்லை, பல நாள். சக்கரம் ராத்திரி முழுக்க இறுக்கிப் பிடித்தபடி நின்றால் ஸ்பிரிங் தொய்யும், கட்டைகள் ஈரத்தில் டிரம்மோடு ஒட்டும், அச்சு அந்த நிலையிலேயே துருப்பிடிக்கும். மெக்கானிக் கிண்டலாகச் சொன்னதில் பாதி நிஜம்.

பக்கத்து வீட்டுப் பையன்களின் குறும்பு என்று முடிவு கட்டினேன். மறுநாள் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகச் சீக்கிரமே எழுந்தேன். எங்கள் தீவில் சூரியனுக்கு அவசரம் அதிகம், மெயின்லேண்ட் தூங்கும்போதே இங்கே வெளிச்சம் வந்துவிடும். சமையலறை ஜன்னலைத் திறந்தேன்.

மாமா வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முன் பிரேக் லீவரைச் சுற்றியிருந்த நைலான் கயிற்றை முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனை வாசல் தூணில் இருந்தது. பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்னால் எழுந்து பழகியவர்கள். நாங்கள் வழக்கமாக எழும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் அவிழ்த்து, சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு வண்டி சீட்டை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு அன்று சரிவில் வழுக்கியது கண்ணுக்குள் வந்தது. கதவைத் திறக்கப் போனேன். பின்னால் என் பனியனை யாரோ இழுத்துப் பிடித்தார்கள். என் மனைவி. அவளும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

“ஷெல்டர்லயும் இப்பிடித்தான். வாளி, சட்டி, பானி கேன், எல்லாத்தையும் கட்டிட்டுத்தான் படுப்பாரு. சனங்க சிரிச்சாங்கன்னு ஒளிச்சுக் கட்ட ஆரம்பிச்சாரு. இங்க வந்து விட்டுட்டாருன்னு நெனச்சேன்.”

“பிரேக்கைக் கட்டினா...”

“தெரியும். ஆனா அன்னைக்கு நாம வழுக்குனது அவரு கட்டுனதாலன்னு சொல்லிராதீங்க. அடுத்த கப்பல்லயே போயிருவாரு. அப்புறம் அப்பா எனக்கு இல்ல.”

அவள் அழவில்லை. அதுதான் என்னை நிறுத்தியது. கோபம் வந்த வழியே இறங்கிப்போனது, அந்த இடத்தில் வெட்கம் போல ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. அந்த மனிதர் என் வண்டியைக் கெடுக்கவில்லை, காப்பாற்றிக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த புதிதில் ஒருநாள் ஃபெரியில் அக்கரைக்குக் கூட்டிப் போனபோது நான் லீவரை டியூப்பால் கட்டியதைப் பார்த்திருக்கிறார். வண்டியைக் கட்டுவதென்றால் லீவரில்தான் கட்ட வேண்டும் என்று புரிந்துகொண்டார். நாங்கள் கால் மணி நேரம் கட்டுவதை அவர் ராத்திரி முழுக்கக் கட்டினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் கப்பலுக்குப் போடுகிற தடிமனான கயிறு ஒன்றும், ஓர் இரும்பு வளையமும் வாங்கினேன். வளையத்தை வாசல் தூணின் அடியில் சிமென்ட் வைத்துப் பதித்தேன். காய்ந்த பிறகு மாமாவைக் கூப்பிட்டேன்.

“மாமா, இங்க ராத்திரியில வண்டி காணாமப் போகுதாம். நம்ம வண்டியப் பலமா கட்டி வைக்கணும். எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது. நீங்கதான் தினமும் கட்டித் தரணும்.”

அவர் என்னைப் பார்த்தார். என் பொய் அவருக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கயிற்றைக் கையில் வாங்கி, முறுக்கிப் பார்த்தார். லீவர் பக்கம் கையைக் கொண்டு போனார்.

“அங்க வேணாம் மாமா. அது ஒல்லிக் கம்பி, ஒடைஞ்சு போயிரும். சேசிஸோட கட்டுங்க. கயிறு அறுந்தாத்தான் வண்டி போகும்.”

“அப்பிடின்னா சரி. டீக் ஹை.” உட்கார்ந்து, சேசிஸுக்குள் கயிற்றை நுழைத்து, வளையத்தோடு முடிச்சுப் போட்டார். நிதானமாக, ஒரு முடிச்சு மேல் இன்னொரு முடிச்சு. போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினார். அந்த நாளைப் பற்றி அவர் எங்களிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

“கச்சால்ல எங்க லயத்து வீட்டுக்குக் கீழ ஒரு டுங்கிப் படகு கெடந்துச்சு மாப்புள. தென்னையில கட்டிப் போட்டிருந்தாங்க. தண்ணி வந்து, போயி, எல்லாம் முடிஞ்சு பாத்தா, அந்த டுங்கி மட்டும் கயித்தோட அப்பிடியே நிக்குது. கட்டாதது ஒண்ணும் மிஞ்சல.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

“உங்க அத்தைய நான் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். விடல. ஆனா கை தானே. கயிறு இல்லையே.”

முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கைகழுவினார். நான் வண்டியைத் துடைக்கிற சாக்கில் இருட்டும்வரை வெளியிலேயே நின்றேன். என் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

பிரேக்கை அந்த வாரமே கடைசியாக ஒருமுறை திறந்து, சுத்தம் செய்து, இன்னொரு ஜோடி ஸ்பிரிங் மாட்டினேன். அதற்குப் பிறகு அது பிடிக்கவே இல்லை. நான் வண்டியை விற்கிறவரை முன்சக்கரம் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரிதான் உருண்டது. மெக்கானிக் எப்படிச் சரியானது என்று கேட்டபோது, “ஸ்பிரிங்குக்கு இப்போ தூக்கம் வருது” என்றேன்.

மாமா ஒருநாளும் கட்டத் தவறவில்லை. இப்போது ஒளித்துக் கட்ட வேண்டியதில்லை, அது வீட்டில் அவருடைய வேலை. ஃபெரி தாமதமாகி நான் இருட்டி வந்தாலும் கயிற்றோடு வாசலில் நிற்பார். நில அதிர்வு வந்த நாட்களில் ஊரே வெளியே ஓடி வந்து நிற்கும், அவர் மட்டும் முடிச்சைச் சரிபார்ப்பார். பேத்தி பிறந்தாள். அவளைக் குளிப்பாட்டத் தூக்கிக் கொடுத்தால்கூடக் கட்டி முடித்துவிட்டுத்தான் வாங்குவார். ஆனாலும் துணிமணி பையிலேயேதான் கிடந்தது. கப்பல் அறிவிப்பும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பேத்திக்கு நடை வந்த பருவம். ஒருநாள் காலையில் அலுவலகத்துக்குக் கிளம்ப வெளியே வந்தேன். வண்டி நின்றது. கயிறு வளையத்தில் சும்மா தொங்கியது. அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றியது. என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கயிற்றைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். முந்தின சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல். தாத்தாவின் நெஞ்சில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்துத் தூங்கிப்போனாள். இறக்கினால் விழித்துவிடுவாள் என்று அவரும் அசையாமல் அப்படியே படுத்துவிட்டார்.

“எழுந்து பாத்தா பயந்துருவாரு. நான் கட்டிரட்டுமா?” என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் அவரே வந்துவிட்டார். தோளில் குழந்தை, காய்ச்சல் விட்டு வேர்த்து, அவர் சட்டையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கியது. அவர் கயிற்றைப் பார்த்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார்.

“கட்டாமலே நிக்குதே, மாப்புள” என்றார்.

“நிக்குது மாமா” என்றேன்.

அன்று சாயங்காலம் நான் திரும்பி வரும்போது வானொலியில் கப்பல் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. கார் நிக்கோபார், கச்சால் என்று வரிசையாகச் சொன்னார்கள். மாமா எழுந்து போய் ஒலியைக் குறைத்தார். “புள்ள தூங்குது” என்றார்.